கண்ணாடி பிடிக்க வயதெல்லை இல்லை

கிளிநொச்சி நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்கு அழைக்கப்படும்வரை காத்திருந்த திங்கட்கிழமை முற்பகலில், என் சட்டைப்பையிலிருந்த கைபேசி மூன்று முறை அதிர்ந்து ஓய்ந்தது. மூன்று அழைப்புகளும் விசுவமடுப் பக்கத்துப் பாடசாலையொன்றின் வளவில் இருக்கும் பற்சிகிச்சை நிலையத்திலிருந்து வந்தவை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அதே இலக்கத்திலிருந்துதான் திலகவதி இராமையா என்னை அழைத்து, கைபேசியைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு உரத்த குரலில், ஒரு காப்புறுதித் திட்டத்தின் வாசகத்தை வாசித்துக் காட்டியிருந்தார். ஆகவே அந்த வாசகத்தின் ஏதோவொரு சொல்லில் அவருக்குப் புதிதாகச் சந்தேகம் பிறந்திருக்கும் என்றே எண்ணினேன். வழக்குத் தவணையிடப்பட்டதும் வெளியே வந்து, வாகனங்கள் நிற்கும் இடத்து வேப்பமர நிழலில் நின்று திருப்பி அழைத்தேன். எடுத்தவர் அவருடைய உதவியாளர் சாந்தினி.

"சேர், மிஸ்ஸி போயிட்டா."

எங்கே போனார் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

"காலமை முற்றம் கூட்டிப்போட்டு வந்து கதிரையில இருந்தவாவாம், சேர். அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்து குடுக்கேக்க கையை நீட்டேல்லையாம்." அண்ணை என்று அவர் சொன்னது மிஸ்ஸியின் கணவரை.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். துயரச் செய்தி வந்த அந்த நேரத்திலும் வெள்ளிக்கிழமையின் குதூகலம் எனக்குள் அடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த எழுத்திலும் அது தலைகாட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடச் சட்டத்தொழிலில் நான் எழுதிய எந்தச் சட்டச் சமர்ப்பணமும் செய்யாத ஒன்றை, கையில் சிறு வட்டக் கண்ணாடியுடன் ஒரு பெண் செய்துகாட்டியதை அருகிலிருந்து பார்த்தவன் நான். அதைத் தாழ்ந்த குரலில் சொல்ல என்னால் முடியவில்லை.

திலகவதி பாடசாலைப் பற்சிகிச்சையாளர். பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பதும், குழி விழுந்தால் அடைப்பதும், பாற்பல்லைப் பிடுங்குவதும் அவருடைய பணி. ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. 'பல்லு மிஸ்ஸி' என்பார்கள். அவருடைய பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுடன் எங்கள் பேச்சிலும், தோட்டத்து வழியில் வந்தவர்களுடன் அவர்கள் பேச்சிலும் அவர் கதைப்பார். ஒரு வாக்கியத்தின் நடுவிலே ஆள் மாறினால் பேச்சும் மாறிவிடும்.

நான் அவரை முதலில் சந்தித்தது ஐந்து வருடங்களுக்கு முன், என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது. மகள் சிகிச்சைக் கதிரையைக் கண்டதும் என் காற்சட்டையைப் பற்றிக்கொண்டு அழத் தொடங்கினாள். மிஸ்ஸி அவளைச் சமாதானப்படுத்தவே இல்லை. என்னைப் பார்த்து, "அப்பா முதல் ஏறுங்கோ" என்றார்.

சட்டம் படித்தவனுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் வாய் சும்மா இராது. "மிஸ்ஸி, நீங்கள் பதின்மூண்டு வயது வரைக்கும்தானே பாக்கலாம்?" என்றேன்.

"நான் வைத்தியம் செய்யேல்லையே, சேர். கண்ணாடி மட்டும் பிடிக்கிறன். கண்ணாடி பிடிக்க வயதெல்லை இருக்கோ?"

அதற்கான பதிலை ஐந்து வருடங்களாகத் தேடுகிறேன். ஏறி இருந்தேன். வாயைத் திறந்தேன். அவர் ஒவ்வொரு பல்லாக, வகுப்பில் வரவு இடாப்புக் கூப்பிடுவதுபோல உரக்க எண்ணிக்கொண்டு போனார். "மேல் வலப்பக்கம் ஒண்டு, சுகம். ரெண்டு, சுகம். மூண்டு, சுகம்…" ஆறாவதில் குரல் நின்றது. "ஆறு, குழி."

"அப்பான்ர வாயில குழி!" என்று என் மகள் சிரித்தாள். அழுகை அத்துடன் முடிந்தது. நான் இறங்குமுன்பே கதிரையின் கைப்பிடியில் அவளுடைய கால் ஏறிவிட்டது.

அது அவருடைய வேலை முறை. எந்தப் பிள்ளை வந்தாலும் கூட்டிவந்தவர்தான் முதலில் ஏற வேண்டும். தாயோ, தகப்பனோ, பெரியம்மாவோ, யாராக இருந்தாலும் விலக்கு இல்லை. வெறும் கண்ணாடி மட்டுமே. வேறு கருவி எதுவும் வளர்ந்தவர் வாய்க்குள் போகாது. பிறகு அவர் தடித்த கொப்பியொன்றை விரித்து, இடப்பக்கத்தில் பிள்ளையின் பற்களையும் எதிரே வலப்பக்கத்தில் கூட்டிவந்தவரின் பற்களையும் குறிப்பார். வலப்பக்கத்தில் பெயர் இராது, முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். கடைசியில் ஒரு கட்டம்: 'பார்த்தாச்சு'. பிள்ளையின் பக்கத்தில் அந்தக் கட்டம் அநேகமாக ஒரு மாதத்துக்குள் சரி போடப்பட்டுவிடும். எதிர்ப்பக்கத்தில் அது காலியாகவே கிடக்கும்.

அவரை ஒரு தவசியாக நான் வரையப்போவதில்லை. பல்லுக்கு ஆகாது என்று பிள்ளைகளிடம் அவர் பறித்து வைத்த டொபிகளைச் சிகிச்சை முடிந்தபின் அவரே சாப்பிட்டதை நான் கண்டிருக்கிறேன். கேட்டதற்கு, "சாப்பிட்டுப்போட்டு வாய் கொப்பளிப்பன், சேர். நான் படிச்ச படிப்பு அவ்வளவும் அந்த ஒரு வரிதான்" என்றார். ஸ்கூட்டரின் முன்கூடையில் பிள்ளைகளுக்குத் துலக்கிக் காட்டுவதற்கென்று வாய் பிளந்த பெரிய மாதிரிப் பற்தொகுதி ஒன்றைத் துணி போர்த்திக் கொண்டு திரிவார். ஒருநாள் பரந்தன் வீதியில் மறித்த பொலிஸ்காரர் கூடையின் துணியை விலக்கிவிட்டு இரண்டடி பின்வாங்கியிருக்கிறார். "பயப்பிடாதேங்கோ, அது கடிக்காது. நீங்கள் வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்றாராம் மிஸ்ஸி. அந்தப் பொலிஸ்காரரின் முதலெழுத்துகள் கொப்பியில் இருக்கின்றனவா என்று நான் தேடிப் பார்த்தேன். இருக்கின்றன.

கொப்பியில் இருந்த ஒருவரைப் பற்றி மட்டும், அவருடைய அனுமதியுடன், பெயர் சொல்லி எழுதுகிறேன். லெட்சுமி வயல்வேலைக்குப் போகிறவர். மூத்த பிள்ளையைக் கூட்டிவந்த முதல் நாளே அவருடைய வாயில் ஐந்து பற்கள் பழுதென்று பதிவாகியிருக்கிறது. நோவு கூடும் நாள்களில் வெற்றிலைக்குள் புகையிலையைக் கூடுதலாக வைத்து, அந்த மரமரப்பில் நாற்று நடுவார். மல்லாவியிலிருந்து வந்த ஒரு நண்பருக்கு நிலையத்தைக் காட்டப் போயிருந்தபோது, லெட்சுமிக்கும் மிஸ்ஸிக்கும் நடந்த பேச்சைக் கேட்டேன்.

"எனக்கு எதுக்குங்க மிஸ்ஸி பல்லு? புள்ளைக்கு பாருங்க, போதும்."

"அப்ப ஒனக்கு சோறு எதுக்கு? அதையும் புள்ளைக்கே குடுத்துரு."

"பெரியாஸ்பத்திரிக்கு போனா ஒருநாள் வேலை போயிருதுங்க. புடுங்க ஒருநாள், மத்தத அடைக்க இன்னொரு நாள், கட்டுறதுக்கு எத்தன நாளோ."

"வேலை போகாம பல்லு பாக்குற நாள் வரும். அதுவரைக்கும் பொகையில போடாத."

லெட்சுமி சிரித்தார். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மிஸ்ஸி அந்த முந்தானையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்.

இனி அந்தக் காப்புறுதிக்கு வருகிறேன். திட்டத்தின் பெயரையும் அதனுடன் தொடர்புடையவர்களின் பெயர்களையும் தவிர்க்கிறேன். அவர்கள் அனுமதி தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. எங்கள் பகுதியில் சோதனையாகத் தொடங்கவிருந்த பொதுச் சுகாதாரக் காப்புறுதி அது. அரச மருத்துவமனையில் உடனே கிடைக்காத சிகிச்சையை அண்மையில் எங்கே பெறலாமோ அங்கே பெறவும், அதற்கான கட்டணத்தைத் திட்டமே ஏற்கவும் அதில் வழி இருந்தது. வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மிஸ்ஸி ஸ்கூட்டரில் என் வீட்டுக்கு வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே வரைவின் பதினோராம் பக்கத்தை என் முன் விரித்தார். அதன்படி, பற்சிகிச்சை பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு அடங்கும். வளர்ந்தோருக்கு விபத்தினால் ஏற்படும் பற்சேதம் மாத்திரம் அடங்கும்.

"விபத்தெண்டால் என்ன, சேர்?"

"எதிர்பாராமல் நடக்கிறது, மிஸ்ஸி."

"அப்ப இவங்கள் சரியாத்தான் எழுதியிருக்கினம். எங்கட ஆக்களின்ர பல்லுப் போறது எல்லாரும் எதிர்பாத்ததுதானே."

அதற்குப் பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார். பையிலிருந்து கொப்பியை எடுத்து வரைவின் மேல் வைத்தார். பெற்றோரின் வாயைக் கவனிக்காமல் பிள்ளையின் பல்லை மட்டும் அடைத்து அனுப்புவது பாதி வேலை என்பதே அவருடைய வாதம். தாயின் பல் நொந்தால் வீட்டில் சமையல் மாறுகிறது. கடிக்கத் தேவையில்லாத, ஊறவைத்த, இனிப்பான பண்டம் பிள்ளைக்கும் வருகிறது. தகப்பன் பல் துலக்காத வீட்டில் பிள்ளை ஏன் துலக்க வேண்டும்? கொப்பியின் வலப்பக்கம் மோசமாக இருக்கும் இடங்களில் பெரும்பாலும் இடப்பக்கமும் மோசமாக இருந்தது. ஆராய்ச்சி என்று அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "பக்கத்தைப் பிரட்டினாலே தெரியும், சேர். இதை அவையளிட்டைக் குடுப்பம்."

நான் மறுத்தேன். அந்த மறுப்பைப் பற்றித்தான் இந்த நினைவுக் குறிப்பில் நேர்மையாக எழுத வேண்டும்.

கொப்பி அவருக்கு எதிரான சாட்சியமாகவும் ஆகலாம் என்று விளக்கினேன். அவருடைய பணி பிள்ளைகளுக்கு மட்டும் வரையறுக்கப்பட்டது. பல வருடங்களாக வளர்ந்தோரின் வாயைப் பார்த்து எழுதி வைத்ததை அவரே தன் கையெழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒழுக்காற்று விசாரணை வரலாம். ஓய்வுக்கு இரண்டரை வருடம் இருக்கும்போது அப்படியொன்று வந்தால், முப்பது வருடச் சேவையின் முடிவில் அவருக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வூதியமே கேள்விக்குள்ளாகலாம். "கொப்பி வீட்டிலை இருக்கட்டும். நான் சட்ட நியாயங்களை எழுதுறன்" என்றேன். அவர் கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "நீங்கள் சொன்னால் சரி" என்றார்.

மூன்று பக்கச் சமர்ப்பணம் ஒன்றை எழுதினேன். அதைத் தயாரிக்கப் பத்து நாள் பிடித்தது. எந்தச் சொல்லையும் யாரும் குறைகூற முடியாதபடி செதுக்கினேன்.

கருத்தறியும் கூட்டம் கிளிநொச்சியில், ஒரு பொது மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஒரு நீள மேசையும் அதன் பின்னே மூவரும். நடுவில் தலைவர், நிருவாகத்தில் நீண்ட காலம் இருந்த மருத்துவர். மிஸ்ஸி தன் நிலையத்துக்கு வரும் தாய்மாரில் இருபது பேரளவில் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார். லெட்சுமி முன்வரிசையில் இருந்தார். என் முறை வந்ததும் எழுந்து வாசித்தேன். 'இருக்கக்கூடும்', 'எனக் கருதப்படலாம்', 'மறுதலிக்கப்படாதவிடத்து' என்று என் வாக்கியங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போயின. இரண்டாம் பக்கத்தின் நடுவில் தலைவர் மிகுந்த மரியாதையுடன் கையை உயர்த்தினார்.

"சட்டத்தரணி அவர்களே, நான் கவனமாத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். நீங்கள் எங்களிட்டை என்ன கேக்கிறீங்கள்?"

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டு, "அதுக்கு ஆதாரம்?" என்றார்.

ஆதாரம் எனக்கு அடுத்த கதிரையில், ஒரு கைப்பைக்குள் இருந்தது. கொப்பியைக் கொண்டுவரவேண்டாம் என்று சொன்னவன் நான். கொண்டுவந்திருக்கிறார் என்பதை அந்தக் கணத்தில்தான் கண்டேன், ஏனென்றால் மிஸ்ஸி எழுந்துவிட்டார்.

"மிஸ்ஸி, இருங்கோ," என்று தணிந்த குரலில் சொன்னேன்.

"சேர், நீங்கள் எழுதினதில ஒரு பிழையும் இல்லை," என்று அவர் அதே தணிந்த குரலில் சொன்னார். "ஆனா உங்கட மூண்டு பக்கத்திலையும் ஒருத்தருக்கும் நோகேல்லை."

மேடைக்குப் போய்க் கொப்பியைத் தலைவர் முன் விரித்து வைத்தார். இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று இரண்டே வசனத்தில் சொன்னார். தலைவர் பக்கங்களைப் பிரட்டத் தொடங்கினார். அவருக்கு வலப்புறம் இருந்த உறுப்பினர் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, நான் அஞ்சிய அதே கேள்வியை, நான் அஞ்சிய அதே சொற்களில் கேட்டார்.

"நீங்கள் எந்த அதிகாரத்தின் கீழ் வளர்ந்தோரின் வாயைப் பரிசோதித்தீர்கள்?"

முப்பது வருடச் சேவை அந்த ஒரு கேள்வியின் மீது வந்து நின்றது. மிஸ்ஸி வாய் திறக்குமுன் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவங்க பரிசோதிக்கலீங்க, ஐயா!" லெட்சுமி எழுந்து நின்றிருந்தார். முந்தானை தோளில் இருந்தது. "எங்க புள்ளைங்க பயப்புடாம இருக்கணும்னு நாங்கதான் மொதல்ல ஏறி உக்காந்தோம். நாங்கதான் வாயத் தொறந்தோம். தொறந்த வாய அவங்க பாக்காம எங்கிட்டுப் பாப்பாங்க? கூரையையா?"

மண்டபம் அதிர்ந்தது. கேட்ட உறுப்பினரும் சிரித்தார். நான் பத்து நாள் செதுக்கியும் கண்டுபிடிக்காத சட்ட நியாயம் அது. பரிசோதனை என்ற சொல்லின் பொருளை ஒரு வயற்காரி அரை நிமிடத்தில் வரையறுத்துவிட்டார். நான் இருந்த இடத்திலேயே எழுந்து கைதட்டினேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

மிஸ்ஸி அத்துடன் நிறுத்தவில்லை. தலைவரை உற்றுப் பார்த்தபடி, "சேர், கேக்கிறனெண்டு கோவியாதேங்கோ. காலமை தொடக்கம் நீங்கள் ஒரு பக்கத்தாலதான் தேத்தண்ணி குடிக்கிறியள்" என்றார்.

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய கை தானாகவே தாடைக்குப் போயிற்று.

"கதிரையை யன்னல் பக்கம் திருப்புங்கோ, சேர். வெளிச்சம் காணும். கண்ணாடி மட்டும்தான்."

அந்த மனிதரை நான் இன்றும் மதிக்கிறேன். அவர் மறுத்திருக்கலாம், கோபித்திருக்கலாம். அவரோ எழுந்து கதிரையைத் தானே திருப்பிப் போட்டு, இருந்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் வாயைத் திறந்தார். மிஸ்ஸி தொடங்கினார். "மேல் வலப்பக்கம் ஒண்டு, சுகம்…" தாய்மார் அந்த இடாப்பை அறிந்தவர்கள். மெல்ல அவருடன் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். மண்டபம் முழுவதும் ஒரு வாயை எண்ணிக்கொண்டிருந்தது. கீழ் இடப்பக்கம் ஏழாவதில் அவருடைய குரல் நின்றது.

"இது எத்தின நாளா நோகுது, சேர்?"

"நாலு மாசம் இருக்கும்."

"ஏன் காட்டேல்லை?"

"நேரம் கிடைக்கேல்லை."

மிஸ்ஸி கண்ணாடியைத் துடைத்துக் கைப்பையில் வைத்தார். "உங்களுக்கே நேரமில்லை. அந்தா நிக்கிற லெட்சுமிக்கு எங்கால நேரம், சேர்?"

தலைவர் கொப்பியை மூடவில்லை. நிழற்பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

வெற்றி அன்றே வந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆறு வாரத்துக்குப் பின் அவருக்கு ஒரு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. எந்த அலுவலகத்திலிருந்து என்பது இங்கே தேவையில்லை. நான் இரண்டு பக்கப் பதில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேசையில் வைத்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொரு வரியாக வெட்டினார். மிஞ்சியது மூன்று வாக்கியம்: 'ஆம், பார்த்தேன். கண்ணாடியைத் தவிர வேறெந்தக் கருவியும் பயன்படுத்தவில்லை. கண்டதை எழுதினேன்.' அதை அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினேன். அனுப்பினார். ஏழு மாதம் பதில் இல்லை. அந்த ஏழு மாதமும் அவர் நிலையத்தில் வழமைபோலவே தாய்மாரை முதலில் ஏற்றினார். "இப்ப நிப்பாட்டினால், முந்திச் செய்தது பிழையெண்டு நானே சொன்ன மாதிரியாயிடும்" என்றார். எட்டாம் மாதம் 'விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒற்றை வரிக் கடிதம் வந்தது. அதைச் சட்டகம் போட்டு மாட்டச் சொன்னேன். "சுவரில பல் துலக்குற படத்துக்கே இடம் காணாது" என்றார்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. இறுதி செய்யப்பட்ட திட்டம் சுற்றுநிருபமாக வந்திருந்தது. கைபேசியில் அவர் உரக்க வாசித்ததை அப்படியே தருகிறேன்: "உரித்துடைய பிள்ளையொன்று பற்பரிசோதனைக்குக் கொண்டுவரப்படும்போது, உடன்வரும் தாய், தந்தை அல்லது பாதுகாவலர் முதலில் பரிசோதிக்கப்படுதல் வேண்டும், அவருக்குத் தேவையெனக் காணப்படும் பற்சிகிச்சையும் இத்திட்டத்தில் அடங்கும்."

"சேர், கேட்டியளோ? முதலில்! முதலில் எண்டு போட்டிருக்கினம்!"

கேட்டேன். ஒரு சிறு நிலையத்தில் ஒரு பெண் பிள்ளைகளின் பயத்தைத் தெளிவிக்கக் கண்டுபிடித்த வழக்கம், ஒரு சொல் மாறாமல், சட்டவாசகமாகி வந்திருந்தது. வாசகங்கள் மேசைகளிலிருந்து மனிதர்களிடம் இறங்கிவருவதையே நான் தொழில் முழுவதும் கண்டிருக்கிறேன். ஒரு சிகிச்சைக் கதிரையிலிருந்து ஒன்று மேசைக்கு ஏறிப்போனதை அன்றுதான் கண்டேன். அலுவலக அறையில் தனியே நின்று கத்தினேன். எழுதுவினைஞர் ஓடிவந்து பார்த்தார்.

"லெட்சுமிக்குச் சொல்லிப்போட்டன். சின்னவனோட வரச் சொன்னனான். பல் வைத்தியர் ஒராள் புதன்கிழமைகளில இஞ்சையே வருவாராம்." பிறகு குரல் சற்றுத் தணிந்தது. "ஆனா சேர், பிள்ளையில்லாத ஆக்களுக்கு இதில இடமில்லை. நான் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?"

அவருக்கும் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த வாசகத்தைப் பெற்றுத் தந்தவரே அதற்கு வெளியில் நின்றார். ஆனால் அவர் சிரித்தார். "அதுதான் அடுத்தது. எழுதத் தொடங்குங்கோ. மூண்டு பக்கம் வேண்டாம்."

அதுவே நான் கேட்ட கடைசிச் சொல்.

கடந்த புதன்கிழமை நான் நிலையத்துக்குப் போயிருந்தேன். அவருடைய இடத்துக்கு வந்திருக்கும் இளம் சிகிச்சையாளருக்கு வேலைமுறையைச் சாந்தினி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லெட்சுமி சின்னவனுடன் வந்திருந்தார். "அம்மா முதல் ஏறுங்கோ" என்றார் புதியவர். லெட்சுமி ஏறவில்லை. கதிரையின் முதுகில் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். சின்னவன் அண்ணாந்து பார்த்து, "ஏறும்மா, வலிக்காது" என்றான். லெட்சுமி ஏறினார். எண்ணிக்கை தொடங்கியது. புதியவருக்கு இன்னும் இடாப்பின் இராகம் பிடிபடவில்லை. சாந்தினி பக்கத்தில் நின்று தாளம் தட்டுவதுபோல விரலை அசைத்துக்கொண்டிருந்தார். பல் வைத்தியர் அன்றே இரண்டு பற்களை எடுத்தார், ஒன்றை அடைத்தார், மிகுதிக்குத் திகதி கொடுத்தார். கொப்பியின் வலப்பக்கத்தில், அத்தனை வருடம் காலியாகக் கிடந்த கட்டங்களின் நடுவே, முதலாவது 'சரி' விழுந்தது. பஞ்சைக் கடித்தபடி லெட்சுமி அதைப் பார்த்துச் சிரித்தார். வாயை மூடவில்லை.

திலகவதியிடமிருந்து நான் வைத்துக்கொள்பவை எவை என்று யோசித்தேன். எந்த வரைவை எழுதி முடித்தாலும் இப்போது ஒரு முறை திரும்ப வாசிக்கிறேன்: இதில் யாருக்காவது நோகிறதா? இல்லையென்றால் கிழித்துவிடுகிறேன். பிள்ளையற்றோருக்கும் பற்சிகிச்சை அடங்க வேண்டும் என்ற சமர்ப்பணத்தை எழுதியிருக்கிறேன். அது ஒரு பக்கம். அதன் முதல் வாக்கியத்தில் அவருடைய பெயர் இருக்கிறது. 'கூடும்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அந்தக் கொப்பியில் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. என் முதலெழுத்துகளுக்குக் கீழே 'மே.வ. 6 – குழி' என்று அவருடைய சாய்ந்த எழுத்து. கட்டம் ஐந்து வருடமாகக் காலி. வேலை, தவணை, தூரம் என்று மேடைத் தலைவரைப் போலவே எனக்கும் காரணங்கள் இருந்தன. என் மகளுக்கு வரும் ஆவணியில் பதின்மூன்று முடிகிறது; அதன்பின் அவளுடன் வரும் என் உரித்தும் முடிகிறது. நாளை மறுநாள் புதன்கிழமை. இருவர் பெயரும் கொடுத்திருக்கிறேன்.

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் நின்று வாசித்தாள். என் தோளில் கை வைத்து, "அப்பா, பயமெண்டால் நான் முதல் ஏறுறன்" என்றாள்.